கடினமான ஆங்கிலச் சொற்கள்: பட்டியலா, வேர்ச்சொல்லா, கார்டா, வாசிப்பா?

உயர்நிலை ஆங்கிலச் சொற்களைக் கற்கலாம் என்று இறங்குகிறவருக்கு நாலா பக்கமிருந்தும் அறிவுரை வரும். ஒருவர் சொற்பட்டியலை நீட்டுவார். இன்னொருவர் வேர்ச்சொல் வழியே சொல் கற்பிக்கும் நார்மன் லூயிஸ் புத்தகத்தை வாங்கச் சொல்வார். கேள்வி–பதில் கார்டுகளாகச் சொற்களைப் பழக வைக்கும் ஆன்கி செயலியைப் போனில் ஏற்றிக்கொள் என்பார் மூன்றாமவர். தினமும் ஹிந்து தலையங்கம் படித்தாலே போதும் என்பார் வீட்டுப் பெரியவர். நால்வரும் சொல்வது உண்மைதான். அவரவருக்கு அந்த வழி பயன்பட்டிருக்கிறது. ஆனால் அவர்கள் எதற்காகப் படித்தார்கள், கையில் எத்தனை மாதம் இருந்தது என்பது நம் காதுக்கு வருவதில்லை.

எனக்கு இதில் ஒரு கேள்விதான் முக்கியம். ஒரு சொல்லை அச்சில் கண்டால் பொருள் புரிந்தால் போதுமா, அல்லது நீங்களே அதைப் பேச்சிலும் எழுத்திலும் பிழையில்லாமல் கையாள வேண்டுமா? இதற்குப் பதில் சொல்லாமல் எந்த வழி சிறந்தது என்று பேசுவதில் பயனில்லை. மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்எஸ்சி தேர்வுக்கு முதலாவது போதும். வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் கட்டுரைக்கு இரண்டாவது வேண்டும். ஒன்றுக்கு நன்றாக வேலை செய்யும் வழி இன்னொன்றில் காலை வாரிவிடும்.

முதலில், எந்த அடுக்கில் நிற்கிறீர்கள்?

பலர் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆசிரியர், பிரிவினைக்கு முந்தைய வங்காளத்தில், டாக்காவில் வேலை பார்த்தவர். ஆங்கிலம் கற்கும் இந்தியப் பிள்ளைகளுக்கு எந்தச் சொற்களை முதலில் தருவது என்ற கேள்வி அவருக்கு அங்கேதான் பெரிதாக எழுந்தது. 1953-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்கள் இருந்தன. அதற்கு மேல் அடுக்காக, 2000-ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் பாடநூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் அலசி 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். அனலைஸ், அனாலிசிஸ், அனலிஸ்ட் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம் என்று கணக்கு. கல்வி சார்ந்த எழுத்தில் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இந்த 570-க்குள் அடங்கிவிடுகிறது.

இந்த நடு அடுக்கில்தான் நம் பிள்ளைகள் பலர் தடுமாறுகிறார்கள். ஆல்பீயிட், வேர்பை, நாட்வித்ஸ்டாண்டிங், ரிலக்டன்ஸ், இன்ட்ரின்சிக், இன்வோக் போன்றவை அந்தத் தொகுப்பில் உள்ள சொற்கள். பார்க்க எளிமையாக இருக்கும். ஆனால் ஒரு வாக்கியத்தில் ஆல்பீயிட் வந்தால் அதற்குப் பின்னால் வருவது முன்னால் சொன்னதைக் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது என்பது பிடிபடாதவர், அடுத்த வரியில் வரும் ஆப்ஃபஸ்கேட் போன்ற அரிய சொல்லின் பொருள் தெரிந்திருந்தும் அந்தப் பத்தியை விளங்கிக்கொள்ள மாட்டார். எனவே அரிய சொற்களைத் தேடிப் போகுமுன் இந்த 570-ஐ இணையத்தில் எடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இலவசமாகவே கிடைக்கிறது. ஐம்பது, அறுபது சொற்களுக்கு மேல் தடுக்கினால், உங்களுக்கான உயர்நிலைச் சொற்கள் அவைதான். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இந்த அடுக்கைப் பள்ளியில் யாரும் தனியாகச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

பட்டியல்

பட்டியலை மட்டமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. நேரடியாகப் பொருள் கேட்கும் தேர்வுக்குப் பட்டியலை விடக் குறுக்கு வழி வேறில்லை. எஸ்எஸ்சி நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வான சிஜிஎல்-இன் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். ஒத்த பொருள், எதிர்ப்பொருள், ஒரு நீண்ட தொடருக்கு ஒற்றைச் சொல், மரபுத்தொடர், எழுத்துப் பிழை என்று கேள்விகள் நேராகவே வரும். முந்தைய ஆண்டு வினாத்தாள்களைப் புரட்டினால் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கண்ணில் படும். அவற்றைத் தொகுத்து மனத்தில் ஏற்றுவதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆறு மாதம் நாவல் வாசித்தும் கிடைக்காத மதிப்பெண் இதில் ஆறு வாரத்தில் கிடைக்கும்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வின் கதை வேறு. 2011 ஆகஸ்டுக்கு முன் அந்தத் தேர்வில் எதிர்ப்பொருள் கேள்விகளும், இந்தச் சொல்லுக்கு அது போல் எந்தச் சொல்லுக்கு எது என்ற ஒப்புமைக் கேள்விகளும் இருந்தன. அந்தக் காலத்துக்காகத் தயாரானதுதான் 3,500 சொற்கள் கொண்ட பழைய பட்டியல். அந்தக் கேள்விகள் நீங்கி, கோடிட்ட இடத்தை நிரப்புவதும், ஆறு சொற்களில் வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்வதும் வந்துவிட்டன. 2023 செப்டம்பரில் தேர்வே சுருங்கியது. மொழிப் பகுதியில் இப்போது 27 கேள்விகள், 41 நிமிடம். அண்ணனும் அக்காவும் கொடுத்துவிட்டுப் போன பட்டியலை இன்றும் முதல் எழுத்திலிருந்து வரிசையாக நெட்டுருப் போடுகிறவர்களைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. அந்த உழைப்பில் பாதியைச் சரியான இடத்தில் போட்டால் போதும்.

பட்டியலின் பெரிய குறை, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று பழக்கிவிடுவது. ஜிஆர்இ கேள்விகளில் அரிய சொற்களைப் போலவே, நமக்குத் தெரியும் என்று நாம் நினைக்கும் சாதாரணச் சொற்களும் ஆளைச் சாய்க்கும். குவாலிஃபை என்றால் தகுதி பெறுவது மட்டுமல்ல, சொன்ன கருத்துக்கு வரம்பு போடுவதும்தான். செக் என்றால் கட்டுப்படுத்துவது. டெம்பர் என்றால் கடுமையைக் குறைப்பது. ஃபிளாக் என்றால் தளர்ந்துபோவது. ஹஸ்பண்ட் வினையாக வந்தால் சிக்கனமாகச் செலவிடுவது. டேபிள் இன்னும் சிக்கலானது. நம் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவை டேபிள் செய்தார்கள் என்றால் அவையில் முன்வைத்தார்கள் என்று பொருள். அமெரிக்க வழக்கிலோ அதைக் கிடப்பில் போட்டார்கள் என்று பொருள். அரிய சொற்களைத் தொகுத்த பட்டியலில் இவற்றைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கடினமான சொல் என்று யாருக்கும் இவை தோன்றுவதே இல்லையே.

இன்னொன்றும் உண்டு. அகர வரிசைப் பட்டியலில் ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்கள் அடுத்தடுத்து நிற்கும். ஒரே நாளில் அவற்றைப் படித்தால் ஒன்றின் பொருள் இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும். பட்டியலைத்தான் எடுப்பது என்று முடிவு செய்தால் கலைத்துப் போட்டுப் படியுங்கள்.

வேர்ச்சொல்

நார்மன் லூயிஸ் எழுதிய வேர்டு பவர் மேட் ஈஸி 1949-இல் வெளிவந்தது. இன்றும் நம் ஊர்ப் பழைய புத்தகக் கடைகளிலும் ரயில் நிலையக் கடைகளிலும் அதைப் பார்க்கலாம். மனித இயல்புகள், மருத்துவர்கள், தொழில்கள் என்று பொருள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு இயலிலும் லத்தீன், கிரேக்க வேர்களைச் சொல்லி, அவற்றிலிருந்து கிளைக்கும் சொற்களை விரிக்கும் முறை அது. படிக்க அலுப்பே தட்டாது. மொழியின் மேல் ஆசையை உண்டாக்குவதில் அதற்கு இணையாக வேறொரு பயிற்சி நூலை என்னால் சொல்ல முடியவில்லை.

வேர்ச்சொல் முறையின் பலம் குடும்பம் குடும்பமாகச் சொற்களைப் பிடிப்பதில் இருக்கிறது. பேசுவதைக் குறிக்கும் லத்தீன் வேர் ஒன்று தெரிந்தால், நாவன்மை கொண்டவரைச் சொல்லும் எலக்வன்ட், ஓயாமல் பேசுகிறவரைச் சொல்லும் லொக்வேஷியஸ், நாடகத்தில் தனக்குத்தானே பேசும் சொலிலக்வி, பேச்சுவழக்கைக் குறிக்கும் கொலோக்வியல், சுற்றி வளைத்துப் பேசும் சர்கம்லொக்யூஷன் ஐந்தும் ஒரே கொத்தாக வந்துவிடும். அறிவியல் மாணவர்களுக்கு இதில் பாதி வேலை முடிந்தே இருக்கும். ஹைப்பர், ஹைப்போ, இன்டர், இன்ட்ரா எல்லாம் உயிரியல் வகுப்பிலேயே பழகியவை. தமிழ் வழியில் உயிரியல் படித்தவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் அழகான தமிழ்க் கலைச்சொற்களில் அதே பாடத்தைப் படித்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னொட்டுகளைத் தனியாக உட்கார்ந்து ஒரு வாரம் படிப்பது மிகப் பெரிய பலன் தரும். வேர்ச்சொல் முறையை யாருக்கு முதலில் சொல்வேன் என்றால் இவர்களுக்குத்தான்.

ஆனால் வேர் காட்டுவது திசையை மட்டுமே. நம்பிக்கையைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து கிரெடிபிள், கிரெட்யுலஸ், இன்கிரெட்யுலஸ், கிரெடிட்டபிள் நான்கும் வருகின்றன. முதலாவது நம்பத்தகுந்த செய்தியையோ சாட்சியையோ சொல்லும். இரண்டாவது எதையும் எளிதில் நம்பிவிடும் ஆளைச் சொல்லும். மூன்றாவது நம்ப மறுக்கும் ஆளை. நான்காவதோ பாராட்டத்தக்க செயலை. வேர் தெரிந்த மாணவர் நான்கையும் நம்பிக்கை என்ற ஒரே பெட்டியில் போட்டுவிட்டுத் தேர்வறையில் விழிப்பார்.

தோற்றத்தில் ஏமாற்றும் சொற்களும் இருக்கின்றன. எனர்வேட் என்பதைப் பார்த்ததும் எனர்ஜி நினைவுக்கு வரும். பொருளோ வலுவை உறிஞ்சிச் சோர வைப்பது. நாய்சம் என்பதற்கும் சத்தத்துக்கும் தொடர்பில்லை, அது அருவருப்பான நாற்றத்தைச் சொல்வது. ரெஸ்டிவ் என்றால் ஓய்வாக இருப்பவரல்ல, பொறுமையிழந்து முரண்டு பிடிப்பவர். இன்ஃப்ளேமபிள் என்று ஒரு டப்பாவின் மேல் எழுதியிருந்தால் அது எளிதில் தீப்பிடிக்கும். முன்னொட்டைப் பார்த்துத் தீப்பிடிக்காது என்று முடிவு செய்தால் ஆபத்து. ஷன், த்வார்ட், குவாம், ரை போன்ற சின்னச் சொற்களுக்கு லத்தீனோ கிரேக்கமோ கை கொடுக்காது. அவற்றை ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும். ஜிஆர்இ-யில் இப்படிப்பட்டவை நிறையவே வருகின்றன.

ஆகவே வேர்ச்சொல்லை முழு நேர வழியாக வைத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். ஐம்பது வேர்கள், முப்பது முன்னொட்டுகள் என்று ஓர் எல்லை வைத்து ஒரு மாதத்தில் முடித்துவிட்டு நகர்வது நல்லது.

கார்டு

1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து எழுதினார். படித்த உடனே மறதி செங்குத்தாக இறங்குகிறது, பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. மறக்கப் போகும் நேரத்தில் திரும்பப் பார்த்தால் நினைவு நீடிக்கும் என்ற எண்ணத்தில், 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் காகிதக் கார்டுகளை ஐந்து அறைப் பெட்டியில் வைத்துப் பழகும் முறையைச் சொன்னார். சரியாகச் சொன்ன கார்டு அடுத்த அறைக்குப் போகும்; தவறினால் முதல் அறைக்கே திரும்பும். இதையே கணினி செய்தால் எப்படி இருக்கும் என்பதன் தொடர்ச்சிதான் 2006-இல் வந்த ஆன்கி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கும் கார்டில் நம்மை நாமே கேட்டுக்கொள்வதற்கும் என்ன வித்தியாசம்? 2008-இல் கார்பிக், ரோடிகர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு 40 சுவாஹிலி சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்பித்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகும் தொடர்ந்து சோதிக்கப்பட்டவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். சோதனையை நிறுத்திவிட்டு, மீண்டும் மீண்டும் படிக்க மட்டும் செய்தவர்கள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. பொருளை மறைத்து வைத்துக்கொண்டு மூளையைக் கசக்கி வெளியே இழுக்கும் அந்தச் சில விநாடிகள்தான் சொல்லை நிலைநிறுத்துகின்றன. இந்தப் பலன் ஆன்கிக்கு மட்டும் சொந்தமில்லை. நோட்டில் வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்த நம் பாட்டி காலத்து முறையிலும் இது இருக்கிறது. எந்தச் சொல்லை எந்த நாளில் கேட்க வேண்டும் என்ற கணக்கைச் செயலி பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கார்டில் இரண்டு இடர்கள். ஒன்று, சுமை. தினமும் 20 புதுச் சொல் என்று உற்சாகமாகத் தொடங்கினால் சில வாரங்களில் பழைய கார்டுகளே நூற்றுக்கு மேல் வந்து நிற்கும். நான்கு நாள் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்து செயலியைத் திறந்தால் குவிந்திருப்பதைப் பார்த்தே பலர் விட்டுவிடுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் தினமும் 7 அல்லது 8 புதுச் சொல்லோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மாதத்துக்கு இருநூறுக்கு மேல் ஆகிறது, அது குறைவே அல்ல.

இரண்டாவது இடர், அடுத்தவர் செய்து வைத்த கார்டுக் கட்டு. இறக்கிக்கொள்வது எளிது. ஆனால் முன்பக்கம் ஒற்றைச் சொல், பின்பக்கம் மூன்று ஒத்த சொற்கள் என்று இருந்தால், அது போனுக்குள் வந்த பழைய பட்டியல்தான். நீங்களே செய்யும் கார்டில், நீங்கள் வாசித்த வாக்கியத்தையே முன்பக்கம் எழுதி, அந்தச் சொல் இருக்கும் இடத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள். பின்பக்கம் சொல், பொருள், அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பது. ஒரு கார்டு செய்ய இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடமே பாதிப் படிப்பு.

பொருளைத் தமிழில் எழுதலாமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. தாராளமாக எழுதலாம். கேரலஸ் என்பதற்குத் தொணதொணவென்று பேசுகிற என்று எழுதினால் எந்த ஆங்கில விளக்கத்தையும் விட அது வேகமாகப் பதியும். சிக்கோஃபன்ட்டுக்கு ஜால்ரா போடுகிறவர். பார்சிமோனியஸுக்குக் கஞ்சத்தனமான. இவற்றுக்கெல்லாம் தமிழே சிறந்த ஆசான். விஸ்ட்ஃபுல் போன்று ஏக்கமும் மென்சோகமும் கலந்த சொற்களுக்கு மட்டும் ஆங்கில–ஆங்கில அகராதிக்குப் போங்கள். லாங்மன் கற்போர் அகராதி ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கத்தையும் எழுதுகிறது. 1987-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி, பொருளை முழு வாக்கியமாகவே சொல்லும். ஒரு சொல்லை யார், எதைக் குறித்து, எந்தச் சூழலில் சொல்வார் என்பது அந்த வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

வாசிப்பு

நான்கிலும் மெதுவானது இது. என் மனம் சாய்வதும் இதன் பக்கம்தான்.

காரணத்தை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். தமிழில் வலியையும் தணிக்கலாம், கோபத்தையும் தணிக்கலாம், தாகத்தையும் தணிக்கலாம். ஒரே வினை போதும். ஆங்கிலத்தில் வலிக்கு அலீவியேட், அச்சத்துக்கு அலே, குற்ற உணர்வுக்கு அஸ்வேஜ், இழப்பின் அபாயத்துக்கு மிட்டிகேட், கோபமாக இருக்கும் ஆளைச் சமாதானப்படுத்தப் பிளகேட் என்று ஒவ்வொன்றுக்கும் பழகிய இணை உண்டு. பட்டியலில் ஐந்துக்கும் எதிரே தணி என்றுதான் இருக்கும். வேர் பார்த்தாலும் இந்த வேறுபாடு தெரியாது. ஒரு சொல் எந்தச் சொல்லின் கையைப் பிடித்து நடக்கிறது என்பதைப் பல இடங்களில் பார்த்துத்தான் உள்வாங்க முடியும். ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்விலும் பேச்சுத் தேர்விலும் சொல்வளத்துக்குக் கால் பங்கு மதிப்பெண். அங்கே அரிய சொற்களைப் பயன்படுத்துவதை மட்டும் பார்ப்பதில்லை. சொல் தேர்விலும் சொல் இணைப்பிலும் வரும் பிழைகளையும் சேர்த்தே பார்க்கிறார்கள். மனப்பாடம் செய்த பெரிய சொல்லைத் தவறான இணையோடு எழுதுவதைவிட எளிய சொல்லைச் சரியாக எழுதுவது மேல்.

எதை வாசிப்பது? பால் நேஷன் என்ற நியூசிலாந்து மொழியியலாளர் 2006-இல் ஒரு கணக்கு சொன்னார். நாவலோ நாளிதழோ, அகராதியின் துணையில்லாமல் வாசிக்க வேண்டுமானால் அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை. இதை நீங்கள் புத்தகக் கடையிலேயே சோதித்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 300 சொற்கள் இருக்கும். ஆறுக்கு மேல் தெரியாத சொற்கள் வந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். ஒன்றுகூட வராவிட்டால் சொல் கற்க அது உதவாது. மூன்றிலிருந்து ஆறு வரை என்றால் வாங்கி வாருங்கள்.

ஹிந்து தலையங்கம் பற்றி. 1878-இல் தொடங்கிய அந்த நாளிதழை வைத்து ஆங்கிலம் கற்ற தலைமுறைகள் நம் ஊரில் உண்டு, அதன் மேல் எனக்கும் மரியாதை உண்டு. வங்கித் தேர்வுகளில் வரும் பத்திகளுக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் தலையங்கத்தின் உலகம் அரசு, நீதிமன்றம், வெளியுறவு, பொருளாதாரம் என்ற வட்டத்துக்குள் பெரும்பாலும் சுழலும். இம்பாஸ், கன்டென்ஷஸ், ஸ்டேல்மேட் போன்றவை அடிக்கடி வந்து பதிந்துவிடும். மனித குணங்களையும் உணர்வுகளையும் சொல்லும் சொற்கள் அங்கே அரிது. ஜிஆர்இ பத்திகளோ அறிவியல் வரலாறு, கலை விமர்சனம், சூழலியல் என்று எங்கெங்கோ போகும். அதற்கு சயன்டிஃபிக் அமெரிக்கன், ஸ்மித்சோனியன் இதழ்களின் கட்டுரைகள் பொருத்தம். குணச்சொற்களுக்கு நாவலைப் போல வேறில்லை. காப்புரிமை முடிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்கள் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாக உள்ளன. சொல்வளம் கொட்டிக்கிடக்கும், ஆனால் வாக்கியங்கள் நீளம். பொறுமை இருந்தால் மட்டும் அங்கே போங்கள்.

வாசிப்புக்கும் குறை இருக்கிறது. அரிய சொல் ஒன்றை மறுபடி சந்திக்க இருநூறு பக்கம் காத்திருக்க வேண்டியிருக்கும், அதற்குள் மறந்துபோகும். சூழலை வைத்து ஊகிப்பதும் சில வேளை தவறான பொருளைக் கொண்டுவந்து நிறுத்தும். அதனால்தான் வாசிப்பில் பிடித்த சொல்லைக் கார்டில் கட்டிவைக்கச் சொல்கிறேன். பக்கத்துக்கு ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. எல்லாவற்றையும் குறித்தால் கதை செத்துவிடும். கிண்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அகராதி பார்த்த சொற்களை அது தானாகவே வாக்கியத்தோடு சேமித்து வைக்கும், இரவு உட்கார்ந்து வேண்டியதை மட்டும் கார்டாக்கலாம்.

வெரி ஹேப்பிக்குப் பதில் இதைச் சொல்லுங்கள், வெரி சேடுக்குப் பதில் அதைச் சொல்லுங்கள் என்று வரும் குறு வீடியோக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சூழல் இல்லாத சொல் இரண்டு நாள் தங்காது, தங்கினாலும் தவறான இடத்தில் வெளியே வரும்.

யாருக்கு எது

எஸ்எஸ்சி எழுதுகிறவர் முந்தைய வினாத்தாள்களிலிருந்து தானே பட்டியல் எடுத்து, அதைக் கார்டாக்கி, ஆறேழு வாரம் விடாமல் பழகட்டும். வாசிப்பைத் தேர்வுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நான்கு மாதத்தில் ஜிஆர்இ என்றால் முதல் மூன்று வாரம் வேர்களும் முன்னொட்டுகளும். அதோடு சேர்த்து, ஆயிரம் சொல்லுக்கு மிகாத இன்றைய பட்டியல் ஒன்றைக் கார்டில் தொடங்க வேண்டும், சாதாரணச் சொற்களின் இரண்டாம் பொருளுக்குத் தனிக் கட்டோடு. தினமும் அரைமணி நேரம் இதழ்க் கட்டுரை வாசிப்பு. கடைசி மாதத்தில் புதுச் சொல் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, தேர்வை நடத்தும் ஈடிஎஸ் வெளியிட்ட மாதிரிக் கேள்விகளில் மட்டும் உட்காருங்கள்.

ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவருக்கும், வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகிறவருக்கும் அந்த 570 சொற்குடும்பங்கள்தான் முதல் வேலை. ஒவ்வொன்றையும் வைத்துத் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பிறகு ஸ்கெல் என்ற இலவசத் தளத்தில் அந்தச் சொல்லைத் தட்டினால் உண்மையான எழுத்துகளிலிருந்து மாதிரி வாக்கியங்களும், அது சேர்ந்து வரும் சொற்களும் வரும். தன் வாக்கியத்தை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும். திருத்த ஆசிரியர் கிடைக்காத ஊர்களில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவியை நான் பார்க்கவில்லை.

அலுவலக மின்னஞ்சலும் கூட்டமும்தான் தேவை என்றால் அரிய சொற்களை விட்டுவிடுங்கள். உங்கள் துறையில் நன்றாக எழுதுகிற ஒருவரின் அறிக்கைகளை எடுத்து, அவர் எந்த வினையை எந்தப் பெயரோடு சேர்க்கிறார் என்று பார்த்துக் குறித்து வாருங்கள்.

எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்கு எந்தச் சொற்பட்டியலை வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்கும் பெற்றோர் நிறையப் பேர். எதுவும் வேண்டாம். அந்த வயதில் அவர்கள் கையில் காலம் கொட்டிக்கிடக்கிறது, மெதுவான வழி அவர்களுக்குக் கட்டுப்படியாகும். கிரிக்கெட்டோ விண்வெளியோ துப்பறியும் கதையோ, பிள்ளைக்கு எதில் பித்தோ அதில் ஆங்கிலப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். பக்கத்துக்கு ஆறு சொல் கணக்கை மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். பொருள் கேட்டு வந்தால் தமிழில் சொல்லுங்கள். உங்களுக்கும் தெரியாத சொல்லானால் இருவரும் சேர்ந்து அகராதியைத் திறந்து பார்க்கலாம். படித்ததை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள்.